மலை ஏறுவோரும் சுமை தூக்குவோரும்

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். விடியும் முன்பே தொடங்கும் இரைச்சல், வெயில் தாழ்ந்த பிறகுதான் ஓயும். ஆகவே இவ்வட்டாரத்துச் சங்கங்களின் கூட்டம் எதுவாயினும், சந்தைக்கு வந்தவர்கள் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வந்து உட்காரத் தோதாக, அந்த அந்தி நேரத்துக்கே குறிக்கப்படுவது வழக்கம். அவ்வாறு கூடிய ஒரு கூட்டத்தில், நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் நடைபெறும் கூட்டுறவு வாரத்தை இவ்வாண்டு எவ்விதம் கொண்டாடுவது என்று நெசவாளர் சங்கத்தாரும் விவசாயிகள் சங்கத்தாரும் கலந்து பேசினார்கள். ஆய்வாளர் என்ற முறையில் நாமும் ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தோம்.

கொடியேற்றம், உறுதிமொழி, மரக்கன்று நடுதல், ஒரு சொற்பொழிவு என்று பட்டியல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சொற்பொழிவாளர் யார் என்ற இடத்தில்தான் பேச்சு தடைப்பட்டது. மாந்தோப்பு வைத்திருக்கும் அங்கத்தினரான அம்மையார் ஒருவர் எழுந்து, "ஆண்டுதோறும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாசற்படி கூட மிதிப்பதில்லை. இந்தத் தடவை எவரெஸ்ட் சிகரம் ஏறிய ஒருவரை வரவழைத்துப் பேசச் சொன்னால் என்ன?" என்று கேட்டார்.

ஐம்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இதற்கு இசையவில்லை. "மலை ஏறினவர் பெரியவர்தான், மறுக்கவில்லை. அவர் ஏறியதால் நம் தறிக்கு என்ன வந்தது? பொது நன்மை நிதியில் வண்டிச் சத்தமும் மாலையும் என்று எழுதினால், நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஐயாவே அல்லவா கேள்வி கேட்பார்?" என்று சொல்லி நம் பக்கம் திரும்பினார். கூட்டம் சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. அவருடைய மகன் விடியற்காலையில் சிப்காட் தொழிற்பேட்டைப் பேருந்தில் ஏறிப் போகிறவன். மகள் பள்ளியில் படிக்கிறவள். இருவருக்கும் சங்கம் என்றால் தாயார் மாதமொரு முறை கையெழுத்துப் போடும் இடம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தக் கவலையைத்தான் அவர் கேள்வியாக்கினார்.

நாம் உடனே தீர்ப்பு வழங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டோம். விசாரித்ததில் தெரிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம். போச்சம்பள்ளியில் எழுந்த ஐயம் மற்ற ஊர்ச் சங்கங்களிலும் எழக்கூடியதே.

முதலில், அழைக்கத் தக்கவர்கள் நம் பக்கத்தில் உண்டா என்று பார்த்தோம். உண்டு. விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியை அடைந்து, தமிழ்நாட்டிலிருந்து அங்கே சென்ற முதல் பெண்மணி என்ற பெயர் பெற்றார். ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியையாக இருந்தவர் அவர். அதே மாதத்தில் கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை என்ற இளைஞரும் ஏறினார். கடற்கரையில் வளர்ந்தவர் பனிமலை ஏறியது வியப்பன்றோ! சற்று வடக்கே சென்றால் தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா இருக்கிறார். விவசாயக் கூலிகளின் மகள். அரசின் சமூக நல உறைவிடப் பள்ளியில் படித்தவர். 2014 மே 25-ஆம் நாள், திபெத்துப் பக்கமாக ஏறி உச்சியில் நின்றபோது அவருக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். அவ்வளவு இளம் வயதில் ஏறிய பெண் வேறு எவரும் இலர். 2022-இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்தார்.

இதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு. நம் ஊர்ப் பெயரை வெளியூரில் சொன்னால், "பட்டுச்சேலை நெய்யும் போச்சம்பள்ளியா?" என்று கேட்பது எல்லோருக்கும் அனுபவம். அந்தப் போச்சம்பள்ளி தெலங்கானாவில் இருக்கிறது. இழைகளைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் நெசவுக்குப் பேர்போனது. 1951 ஏப்ரல் 18-ஆம் நாள் வினோபாவேயின் பூதான இயக்கம் பிறந்த இடமும் அதுவே. பூர்ணா முதன்முதலில் கயிறு பிடித்துப் பாறை ஏறப் பழகிய புவனகிரிக் கோட்டைப் பாறை அந்த ஊருக்கு அண்டையில் உள்ளது. ஊர்ப் பெயரை இரவல் கொண்டு நாமும் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நிற்க. பெரியவரின் கேள்விக்கு இதுவெல்லாம் பதிலாகாது. அதற்கு மலையைப் பற்றியும், அதைவிட முக்கியமாக, மலை ஏறுவதற்கான வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020-இல் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்தன. நம் ஏற்காட்டைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அதன் உயரத்தை முதலில் கண்டறிந்த நில அளவை நம் சென்னைப் பரங்கிமலை அருகில் 1802-இல் லாம்டன் என்பவர் இழுத்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வடக்கே சென்ற அந்தக் கணக்கு இமயத்தை எட்ட ஐம்பது ஆண்டுகள் ஆயின. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளத்துக் கணித வல்லுநர் அந்தச் சிகரமே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டார். 1856-இல் வெளியிட்ட அளவு 29,002 அடி. இன்றைய கருவிகளின் அளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் முப்பது அடிதான். கணக்குப் பார்த்துப் பிழைக்கும் நம்மைப் போன்றோர் அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். போச்சம்பள்ளிச் சந்தையில் நிற்கும் ஒருவரைத் தூக்கிக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் சில நிமிஷங்களில் நினைவு தவறிவிடுவார். ஆகவே வாரக் கணக்கில் மேலே ஏறியும் கீழே இறங்கியும் உடலைப் பழக்குகிறார்கள். உச்சியில் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். 5,300 மீட்டருக்கு மேல் உள்ள அடிவார முகாமிலேயே சாதாரணப் பாத்திரத்தில் சோறு வேகாது. பிரஷர் குக்கரைச் சுமந்து செல்ல வேண்டும். சுமந்து செல்ல வேண்டும் என்றோமே, யார் சுமப்பது? நம் விசாரணை உண்மையில் இங்கேதான் தொடங்கிற்று.

இதற்கு விடை தேடப் போனபோது, எதிர்பாராத வகையில் நம் தமிழ்நாட்டுக்கே திரும்ப வந்து சேர்ந்தோம். கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், அது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார். வயிற்றுப்புண்ணுக்கு அவர் செய்த சிகிச்சையால் பிழைத்தவர்கள் ஏராளம். அவரே 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுக்களில் இருந்தவர் என்பதை அவரிடம் மருந்து வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

1922 ஜூன் 7-ஆம் நாள் நடந்ததைக் கூறுவோம். முன்னே இரண்டு முயற்சிகள் பலிக்காமற்போன பின், மூன்றாவது முறையாகச் சாமர்வெல்லும் மல்லோரியும் கிராபோர்டும் 14 சுமையாட்களோடு ஒரு பனிச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். புதுப்பனி விழுந்திருந்தது. சரிவு பெயர்ந்தது. முன்னே சென்ற ஆங்கிலேயர் மூவரும் தப்பினர். பின்னே வந்த சுமையாட்களில் ஒன்பது பேர் அடித்துச் செல்லப்பட்டு, எழுவர் மாண்டனர். எவரெஸ்ட் மலையில் மனிதர் ஏறப்போய் மாண்ட முதல் விபத்தாகப் பதிவாகியிருப்பது இதுவே. மாண்டவர்களில் தலைவர் எவரும் இல்லை. கூலி பெற்றுச் சுமை தூக்க வந்தவர்களே எல்லோரும். தங்களில் ஒருவராவது அவர்களோடு சேர்ந்து மாண்டிருக்கலாகாதா, அப்படியாயின் மிஞ்சியவர்களுக்கு நஷ்டத்தையும் ஆபத்தையும் நாம் பகிர்ந்துகொண்டோம் என்பது விளங்கியிருக்குமே என்ற பொருள்படச் சாமர்வெல் பின்னாளில் எழுதினார்.

அந்தப் பயணம் முடிந்து தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் ஒரே ஒரு அறுவை மருத்துவர் கூட்டத்தைச் சமாளிக்க இயலாமல் தவிப்பதைக் கண்டு, லண்டனில் கிடைக்கக்கூடிய பெரும் பதவியை விட்டுவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். பனிச்சரிவின் துயரத்துக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பு உண்டா என்பதை அவரவர் ஊகிக்கட்டும். நாம் குறிப்பிட விரும்புவது 1924-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை.

அவ்வாண்டு மே மாதத்தில், ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரத்து முகாமில் நான்கு சுமையாட்கள் பனிப்புயலில் அகப்பட்டுக்கொண்டனர். சிகர முயற்சியை ஒத்திப்போட்டுவிட்டு நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் மேலே சென்றார்கள். இடையில் அபாயமான குறுக்குச் சரிவு. அதைக் கயிற்றில் கட்டிக்கொண்டு சாமர்வெல் கடந்தார். அந்த நால்வரை எட்டச் சில கஜங்கள் இருக்கையில் கயிறு தீர்ந்துவிட்டது. வந்த இருவர் கால் வழுக்கிச் சரிந்து, விளிம்புக்கு முன்னால் எப்படியோ நின்றனர். சாமர்வெல் தம் உடலிலிருந்து கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியைச் சரிவில் ஊன்றி அதில் சுற்றி, ஒரு கையால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். ஒருவரை அடுத்து ஒருவராக நால்வரும் வந்து சேர்ந்தனர். இதற்குப் பிறகு ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டனும் அவரும் ஆக்ஸிஜன் இல்லாமலே 8,500 மீட்டருக்கு மேல் சென்றார்கள். நார்ட்டன் எட்டிய 8,570 மீட்டரை ஆக்ஸிஜன் இல்லாமல் 1978 வரை எவரும் தாண்டவில்லை. ஆயினும் இவ்விரண்டில் எதைச் சாதனை என்று எழுதுவது என்று கேட்டால், நாம் முந்தியதையே எழுதுவோம்.

இனி 1953-க்கு வருவோம். டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் மே 29-ஆம் நாள் காலை 11.30 மணிக்கு உச்சியில் நின்றார்கள்; இதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். சங்கத்தின் பேரேட்டைப் புரட்டுவது போல அதற்கு முந்திய நாட்களைப் புரட்டிப் பார்த்தால் வேறு பெயர்கள் வருகின்றன. காட்மாண்டுப் பக்கத்திலிருந்து மூட்டைகளைச் சுமந்துவந்தோர் 350-க்கும் மேற்பட்டவர். மே 26-ஆம் நாள் குழுத் தலைவர் ஹண்டும் டா நம்கியால் என்ற ஷெர்ப்பாவும் கூடாரத்தையும் உணவையும் ஆக்ஸிஜனையும் சுமார் 8,300 மீட்டர் வரை தூக்கிச் சென்று, அதற்கு மேல் தள்ளாடி முடியாமல், அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். அதே நாள் பூர்டிலனும் எவன்ஸும் தென் சிகரம் வரை சென்றார்கள். உச்சிக்கு இன்னும் நூறு மீட்டர் உயரமே இருந்தது. மூச்சுக் கருவி பழுது, பொழுதும் சாய்ந்துவிட்டது. திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த இரண்டு ஆக்ஸிஜன் புட்டிகளை மலைமுகட்டில் விட்டுச் சென்றார்கள். மே 28-ஆம் நாள் லோ, கிரிகரி, ஆங் நீமா என்ற மூவர் சுமையோடு முன்னே சென்று, ஹண்டு வைத்துவிட்டுப் போனதையும் எடுத்துக்கொண்டு, சுமார் 8,500 மீட்டரில் டென்சிங்குக்கும் ஹிலாரிக்கும் இறக்கி வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்கள்.

மறுநாள் உச்சியில் நின்றது கால் மணி நேரந்தான். மகள் கொடுத்தனுப்பிய பென்சிலையும் சில இனிப்புகளையும் டென்சிங் பனியில் புதைத்து வைத்தார். இறங்கும்போது அவர்களுக்கு மூச்சு கொடுத்தவை, முதல் இருவர் விட்டுச் சென்ற அந்த இரண்டு புட்டிகள். தோற்றுத் திரும்பியவர்கள் வைத்துப்போன இருப்பில் வென்றவர்கள் உயிரோடு இறங்கினார்கள் என்க. எந்தப் பேரேட்டில் இதை எந்தப் பக்கம் பதிவது?

ஆனால் ஊர் உலகம் என்ன கேட்டது? "முதலில் கால் வைத்தவர் யார்?" என்றுதான் கேட்டது. காட்மாண்டுவில் கூட்டம் திரண்டு டென்சிங்கே முதல் என்று ஆர்ப்பரித்தது. வேறு பக்கத்தார் ஹிலாரி என்றனர். ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்தோம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டியதாயிற்று. 1955-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங், ஹிலாரி சில அடி முன்னே இருந்தார் என்பதை மறைக்காமல் கூறி, ஒரே கயிற்றில் கட்டுண்டவர்களிடம் இக்கேள்விக்குப் பொருளில்லை என்பதை விளக்கினார். அந்தக் கயிற்றின் மதிப்பு ஹிலாரிக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன் கும்பு என்னும் பனிவீழ்ச்சியில் அவர் தாவிய இடம் உடைந்து பிளவுக்குள் விழுந்தபோது, மறுமுனையைப் பிடித்து நிறுத்தியவர் டென்சிங்.

இன்னொன்றும் உண்டு, நம் போன்றோர் மறக்கலாகாதது. டார்ஜிலிங்கில் ஷெர்ப்பாக்கள் அமைத்துக்கொண்ட சங்கத்துக்கு டென்சிங் தலைவராக இருந்தார். யாருக்கு என்ன கூலி, அடிபட்டவனுக்கும் மாண்டவன் குடும்பத்துக்கும் என்ன ஈடு என்பதை வெளியார் தீர்மானிப்பதற்குப் பதிலாகத் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள அது முயன்றது. உலகப் புகழ் வந்து குவிந்த காலத்தில் அவர் அமர்ந்த நாற்காலிகளில் அதுவும் ஒன்று.

நம் நாட்டார் மூன்று முறை பெருங்குழுவாகச் சென்ற வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1960-இல் ஞான் சிங் தலைமையில் சென்றவர்கள் உச்சிக்கு இருநூறு மீட்டர் சொச்சத்தில் திரும்பினர். 1962-இல் ஜான் டயஸ் தலைமையில் சென்றவர்களும் அதைவிட நெருங்கித் திரும்பினர். 1965-இல் கோலி தலைமையில் சென்ற குழுவில் ஒன்பது பேர், மே 20 முதல் 29 வரை நான்கு தொகுதியாக உச்சியை அடைந்தனர். முன் இரண்டு முறையும் திரும்பிய சோனம் கியாட்ஸோ அவ்வொன்பதின்மரில் ஒருவர். அக்குழுவின் சாமான் 25 டன்; சுமந்தோர் 800 பேர். வகுத்துப் பார்த்தோம்: ஆளுக்கு 31 கிலோ.

திரும்பியது பற்றி ஒரு வார்த்தை. மலையில் இத்தனை மணிக்குள் உச்சி வராவிட்டால் எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வார்களாம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு வட்டாரத்தில் இருந்தபோது, ஒரு சங்கம் தீபாவளியை நம்பி விலை ஏறிக்கொண்டிருந்த நூலைக் கடன் வாங்கிக் கொள்முதல் செய்தது. ஆவணி பிறந்ததும் விற்பனை எதிர்பார்த்தபடி இராது என்பது தெரிந்துவிட்டது. நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பாதியில் நிறுத்துவானேன் என்று சொன்னோம். சேலைகள் இரண்டு ஆண்டுகள் அலமாரியில் மக்கின, வட்டி வளர்ந்தது, நெசவாளர்களுக்குக் கூலி பாக்கி நின்றது. குறிப்பேட்டில் உள்ள கையெழுத்து நம்முடையது. மலை ஏறுவோர் வந்தால், திரும்புவது என்று எந்த நிமிஷத்தில், யார் வாயால் முடிவு செய்கிறார்கள் என்பதை நாம் தனியாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

இவை யாவும் பழங்கதை, இப்போது எல்லாம் மாறியிருக்கும் என்று எண்ணுவோருக்கு 2014-ஐச் சொல்ல வேண்டும். இக்காலத்தில் பெரும்பாலோர் பணம் கட்டி ஏறுகிறார்கள். வெளிநாட்டார் வேனிற்பருவத்தில் நேபாளம் வழியாக ஏற அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டுமே 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலர். கும்புப் பனிவீழ்ச்சியில் ஆண்டுதோறும் கயிறும் ஏணியும் கட்டி வழி செய்வோர் ஷெர்ப்பாக்கள். ஏறுவோர் ஓரிரு முறை கடக்கும் அந்த அபாயத்தைச் சுமை தூக்குவோர் அதைப்போலப் பன்மடங்கு முறை கடக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலையில் பனிப்பாறை சரிந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். ஈமச் செலவுக்கென்று அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். அப்போதைய மதிப்பில் சுமார் 400 டாலர். மிஞ்சிய ஷெர்ப்பாக்கள் அதை ஏற்கவில்லை. நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தார்கள். மேலே ஏறவும் மறுத்தார்கள். அவ்வாண்டு நேபாளப் பக்கத்து வேலை நின்றது. அதன் பின் அவர்களுக்குரிய கட்டாய ஆயுள் காப்பீடு 15 லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. நூற்றுக் கணக்கான சிகரப் படங்களில் காணாத செய்தி இது. காமி ரீத்தா என்ற ஷெர்ப்பா 2025 மே மாதத்தில் 31-ஆவது முறையாக உச்சியில் நின்றார். பெரும்பாலும் பிறருக்கு வழிகாட்டுவதற்காகவே சென்றவர் அவர்.

நம் பெரியவரின் கேள்வி தறியைப் பற்றியது. அதற்கும் நேர் விடை உண்டு. இதைத் தேடும்போதுதான் நமக்கே உற்சாகம் பிறந்தது. 1924-இல் மறைந்த மல்லோரியின் உடல் 1999 மே முதல் நாள் 8,100 மீட்டருக்கு மேல் கிடைத்தது. அவருக்குச் சாமர்வெல் இரவல் கொடுத்த கேமரா கிடைக்கவில்லை. இடுப்பில் அறுந்த கயிறு இருந்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் உடலில் ஒட்டியிருந்த துணிகளை ஆராய்ந்தார்கள்: பருத்தி, பட்டு, கம்பளி என்று பல மெல்லிய அடுக்குகள்; மேலே காபர்டீன் என்னும் நெருக்கமாக நெய்த மேலங்கி. அதே முறையில் மறுபடி நெய்து தைத்து 2006-இல் அம்மலையிலேயே அணிந்து பார்த்தபோது, இலேசாகவும் கதகதப்பாகவும் இருப்பது தெரிந்தது. அசட்டையான உடையோடு போனார்கள் என்று அதுவரை ஏளனம் பேசியவர்கள் வாயடைத்தார்கள். 1953-இல் காற்றைத் தடுத்ததும் பருத்தியும் நைலானும் கலந்து நெய்த துணியே.

கயிறும் அப்படித்தான். முன்னே சணலும் நாருமாக முறுக்கிய கயிறு, பின்னர் நைலான். 1953-இல் ஜெர்மனியில் புதுவகைக் கயிறு ஒன்று செய்தார்கள். உள்ளே பாரம் தாங்கும் இழைக் கற்றை. அதைச் சுற்றி உராய்வைத் தாங்கப் பின்னிய உறை. இன்று உலகெங்கும் மலை ஏறுவோர் நம்புவது இதனையே. உயிரைத் தாங்கும் இழை உள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது உறையின் நிறம். பாவும் ஊடையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது கூட்டத்தில் இவற்றை எல்லாம் படித்துக் காட்டினோம். சற்று நீண்டுவிட்டது, தென்னந்தோப்புக்காரர் ஒருவர் கண்ணயர்ந்தும் போனார். பெரியவர் மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த இரண்டு புட்டி வைத்துவிட்டு வந்தார்களே, அவர்களுக்கு யாராவது மாலை போட்டார்களா?" என்று கேட்டார். அரசியார் பட்டம் அளித்தது ஹண்டுக்கும் ஹிலாரிக்கும் என்று மட்டும் சொன்னோம். "சரி, அழையுங்கள்" என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொது நன்மை நிதியிலிருந்து பயணச் செலவும், சங்கச் சேலை ஒன்றும் அல்லது வேட்டி ஒன்றும். பொன்னாடையும் கட்அவுட்டும் இல்லை. பேச்சு நாற்பது நிமிஷம். கேள்விகளுக்கு ஒரு மணி நேரம். கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தருமாறு அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று. இதுவரை வந்த பதினொன்றில் முதலாவது அம்மையாருடைய மகள் எழுதியது: "உங்கள் மூட்டையைத் தூக்கி வந்தவர் பெயர் என்ன? அவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு?" சிப்காட்டுக்குப் போகும் அண்ணன் அதன் கீழே வேறு மையில், "ஓவர்டைம் உண்டா?" என்று சேர்த்திருக்கிறான்.

அழைப்புக் கடிதத்தை நாமே எழுதினோம். கையெழுத்தாகும் முன் பெரியவர் வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தக் கயிற்றில் ஒரு முழத் துண்டாவது கொண்டுவருமாறு ஒரு வரி சேர்க்க வேண்டும், உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடலாம் என்றார். சேர்த்திருக்கிறோம்.